பத்தாம் எண் தொட்டி

நீர் வழங்கல் அலுவலகத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். வைத்தது யார் என்பது யாருக்கும் நினைவில்லை. பொருத்தமாக இருந்ததால் ஒட்டிக்கொண்டது. நாற்காலியில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. தொலைபேசியில் பேசினால் கம்பி எட்டுகிற தூரம் வரை நடப்பாள். கூட்டங்களில் சுவரோரம் நின்றுகொள்வாள். பள்ளியில் இதற்காகவே பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினார்கள். நிற்பதை அவள் தண்டனையாகவே நினைக்காததால் கடைசியில் டீச்சர்தான் அலுத்துப்போனார்.

முப்பது வயதுக்குள் ஆறு வேலை மாறியிருந்தாள். துணிக்கடையில் எட்டு மாதம், கடிதம் பிரிக்கும் இடத்தில் ஐந்து, பல் டாக்டரின் முன்னறையில் மூன்றே வாரம். ஏழாவதாக இங்கே தட்டச்சு செய்ய வந்தவள் பத்தொன்பது வருடமாக இங்கேயே இருக்கிறாள். அதற்குக் காரணம் கட்டுப்பாட்டு அறையில் இருந்த பழைய கணினி. இரும்பு அலமாரி அளவுக்கு இருக்கும். பச்சை எழுத்து மட்டும்தான் தெரியும். வாரத்துக்கு ஒரு விதமாகக் கோளாறு பண்ணும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்றதும் அந்தப் பக்கமே யாரும் தலைகாட்டவில்லை. இவள்தான் கையேடுகளை எடுத்து, ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே படித்தாள். நான்காம் வருடம் தட்டச்சு வேலை போய், அந்தக் கணினியே அவள் வேலையாகிவிட்டது.

கணினியின் வேலை லேசானதுதான். ஊரில் ஒன்பது மேல்நிலைத் தொட்டிகள். எந்தத் தொட்டியின் வால்வை எத்தனை மணிக்குத் திறப்பது, எப்போது மூடுவது என்று அன்றன்றைக்கு ஒரு பட்டியல் அடிக்க வேண்டும். ‘திற 4 1430’ என்றால் நாலாம் தொட்டியைப் பிற்பகல் இரண்டரைக்குத் திற என்று பொருள். வரிகளைப் படித்துப் புரிந்துகொள்ளும் நிரலை முப்பது வருடத்துக்கு முன்னால் யாரோ எழுதியிருந்தார்கள். தொட்டி எண்ணுக்கு ஒற்றை இலக்கம் போதும் என்று அப்போது நினைத்தது தப்பில்லை. மேட்டுப் பகுதியில் பத்தாவது தொட்டி கட்டுவார்கள் என்று யார் கண்டது?

கட்டினார்கள். திறப்பு விழாவும் நடந்தது. மறுநாள் காலை ‘திற 10 0600’ என்று அடித்தாள். புரியவில்லை என்று கணினி கைவிரித்தது.

அதிலிருந்து வால்வுக்காரர் காலையும் மாலையும் மேட்டுக்கு ஏறி, கையால் சக்கரத்தைச் சுற்றித் திறந்து மூடினார். ஐம்பத்தெட்டு வயது, வலது முழங்கால் ஏற்கெனவே மக்கர். அவர் தாமதமாகப் போகிற நாளெல்லாம் பம்பரத்துக்கு ஃபோன் வந்துவிடும். மேட்டுத் தெருவில் குடியிருந்தது அவளுடைய சொந்த அக்கா.

“ஏண்டி, நீ தண்ணி ஆபீஸ்ல வேலை பாக்குறேன்னு தெருவெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். இங்க குழாயைத் திறந்தா புஸ்ஸுனு காத்து வருது. மானம் போகுதுடி!”

“வருவாருக்கா. ஏறிட்டிருப்பாரு.”

“ஏறிட்டிருப்பாரா? நொண்டி நொண்டி வர்றார் மனுஷன். பாத்தா எனக்கே பாவமா இருக்கு. நானே போய்த் திறந்துட்டு வரட்டுமா?”

அக்கா சொன்னால் செய்துவிடக்கூடியவள். பம்பரம் அன்றே மேலாளரின் அறைக்குப் போனாள்.

“புது சிஸ்டம் அடுத்த வருஷம் வருது. அதுவரைக்கும் சமாளிச்சுக்கலாம்” என்றார் மேலாளர்.

“ஏழு வருஷமா அடுத்த வருஷம்தான் சார் வருது. எனக்கு ரெண்டு வாரம் குடுங்க. பத்தை நான் படிக்க வெக்கிறேன்.”

“அதுல கை வெச்சு, இருக்கிற ஒம்பதும் போயிடப் போகுது.”

“போகாது சார்.”

அவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை என்று வெளியே வந்த பிறகுதான் தோன்றியது. பழைய நிரலை எழுதியவர் வரிகளைப் பிரித்துப் படிக்கும் பகுதியைக் கையால் எழுதவில்லை. ஒரு வரி எப்படி இருக்கும் என்ற விதிகளை மட்டும் ஒரு கோப்பில் எழுதி, பார்சர் ஜெனரேட்டர் என்ற கருவியிடம் கொடுத்திருந்தார். விதிகளைக் கொடுத்தால் அதன்படி பிரித்துப் படிக்கும் நிரலை அதுவே எழுதித் தந்துவிடும். விதிக் கோப்பு பத்திரமாக இருந்தது, கருவியைத்தான் காணவில்லை. இப்போது கிடைக்கிற கருவியோ இந்தக் காலத்து இயங்குதளங்களுக்காக எழுதப்பட்டது. அதைத் தாத்தா காலத்து இயங்குதளத்துக்கு ஏற்ற மாதிரி வெட்டி ஒட்டி உள்ளே கொண்டுவர வேண்டும்.

கொண்டுவருவதே பெரும்பாடாக இருந்தது. கணினிக்கு வெளியுலகத் தொடர்பு கிடையாது; ஃபிளாப்பி மட்டும்தான் போகும். மேசை இழுப்பறைகளைக் குடைந்ததில் எட்டுக் கிடைத்தன. அதில் ஐந்து படிக்கவில்லை. மீதி மூன்றில் கருவியின் மூலக் கோப்புகளைத் துண்டு துண்டாக ஏற்றி, ஒன்று மாற்றி ஒன்றாகச் செருகினாள். பிறகு, எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் கம்பைலரை ஓடவிட்டாள். அது ஒரு தடவை ஓடி முடிக்க நாற்பது நிமிடம் எடுத்தது.

அந்த நாற்பது நிமிடம் இருக்கிறதே, அதுதான் அவளைக் கொன்றது. திரையில் ஒரு வரி வரும். ஐந்து நிமிடம் ஒன்றும் வராது. இன்னொரு வரி வரும். அறையைச் சுற்றுவாள். படியிறங்கி வடிகட்டும் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஓடி வருவாள். அதே வரி நிற்கும். விரலால் மேசையில் தாளம் போடுவாள். பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவாள். மூன்றாம் நாள் அந்த மூடி உடைந்தே போனது.

“உக்காரு தங்கச்சி, நீ நடக்கிறதுக்கு அது ஒண்ணும் வேகமா ஓடாது” என்றார் மேட்டிலிருந்து இறங்கி வந்த வால்வுக்காரர். முழங்காலைத் தேய்த்தபடி பக்கத்து நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“உக்காந்தா மட்டும் ஓடுமாண்ணே?”

“ஓடாதுதான். பாக்கிற எனக்குத் தலை சுத்தாம இருக்கும்.”

முதல் ஓட்டம் பாதியில் நின்றது. வெறும் அறிவிப்புகள் இருக்க வேண்டிய தலைப்புக் கோப்பு ஒன்றுக்குள் முழு நிரல் இருக்கிறது, இது என்ன கூத்து என்கிற மாதிரி கம்பைலர் திட்டியது. ஃபிளாப்பி கெட்டிருக்கும் என்று திரும்ப ஏற்றினாள். அதே திட்டு. இரண்டு நாள் இப்படியே போயின. மூன்றாம் நாள் கோபத்தில் கோப்புகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். வந்திருக்க வேண்டியவை அறுபத்து மூன்று. கணினியில் இருந்தவை அறுபத்தொன்று.

எண்ணிக்கை குறைந்த இடத்தைத் தேடிப்போனபோது விஷயம் பிடிபட்டது. பழைய இயங்குதளத்தில் ஒரு கோப்பின் பெயருக்குப் பதினான்கு எழுத்துதான். அதற்கு மேல் இருப்பதை ஒரு வார்த்தை சொல்லாமல் வெட்டிவிடும். கருவியை எழுதியவர்கள் நீளநீளமாகப் பெயர் வைத்திருந்தார்கள். கடைசி எழுத்தில் மட்டும் வேறுபட்ட இரண்டு பெயர்கள் வெட்டுப்பட்டதும் ஒன்றாகிவிட்டன. பின்னால் வந்தது முன்னால் வந்ததன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. இரண்டு ஜோடி, இரண்டு கோப்பு காலி.

பெயர்களைச் சுருக்கினாள். அந்தப் பெயர்கள் வருகிற இடங்களையெல்லாம் தேடித் திருத்தினாள். புதுக்காலத்து எழுத்துமுறை பழைய கம்பைலருக்குப் புரியாததால் இருநூறு இடங்களில் வரிகளை மாற்றி எழுதினாள். வீட்டிலும் அதே நினைப்பு. சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து நடப்பாள். அவள் கணவர் மூக்குக்கண்ணாடி பழுதுபார்ப்பவர். மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்து, கடுகளவு திருகாணியைத் திருகுகிறவர்.

“தட்டைக் கீழ வெச்சுட்டு நட. இல்ல, உக்காந்து சாப்பிடு. ரெண்டுல ஒண்ணு பண்ணும்மா.”

“இன்னும் அஞ்சு நாள்தாங்க இருக்கு.”

“அஞ்சு நாளும் இப்படியே நடந்தா நீ அடுத்த ஊருக்கே போயிடுவ.”

அடுத்து வந்ததுதான் பெரிய தலைவலி. கருவி தன்னுடைய சொந்த விதிக் கோப்பைப் படிப்பதற்கும் தன்னையே பயன்படுத்தியது. அதை உண்டாக்க அதுவே வேண்டும். எழுதியவர்கள் இதை யோசித்து, முன்கூட்டியே உண்டாக்கிய நிரல் ஒன்றையும் கூடவே வைத்திருந்தார்கள். அப்படியும் கணினி அதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ‘அது பழசு, புதிதாக உண்டாக்க வேண்டும், கருவியைக் கொண்டு வா’ என்று ஒரே பிடிவாதம்.

“கருவியைச் செய்யத்தான் உன்னை ஓட்டறேன், கழுதை!” என்று கத்தினாள். வராந்தாவில் போன கணக்காளர் எட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் நகர்ந்தார்.

அன்று மதியம் வடிகட்டும் குளத்தைச் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்குத் தேதி நினைவு வந்தது. அந்தக் கணினியின் கடிகாரத்தில் இந்த நூற்றாண்டின் தேதிகளை வைக்க முடியாது. அதனால் முன்னால் இருந்தவர் கடிகாரத்தை இருபத்தெட்டு வருடம் பின்னுக்கு வைத்துவிட்டிருந்தார். அப்படி வைத்தால் கிழமைகள் மாறாது. முன்கூட்டியே உண்டாக்கிய நிரலை அவள் திருத்தியபோது அதில் விழுந்தது அந்தப் பழைய தேதி. அவள் தொடாத, கருவியின் விதிக் கோப்பிலோ அதோடு கூடவே வந்த உண்மையான தேதி. அப்படியென்றால் நேற்றுத் திருத்தியது, கணினியின் கண்ணுக்கு, இருபத்தெட்டு வருடத்துப் பழசு!

செருப்பு ஒரு பக்கம் கழன்றதைக்கூடப் பாராமல் மாடிக்கு ஓடினாள். விதிக் கோப்புக்கு முதலில், உண்டாக்கிய நிரலுக்கு அடுத்து என்று இரண்டுக்கும் இன்றைய தேதியைப் போட்டாள். அதாவது கணினி இன்று என்று நம்பிக்கொண்டிருந்த தேதியை. ஓடவிட்டாள். நாற்பது நிமிடம் கழித்து எந்தத் திட்டும் இல்லாமல் ஓடி முடிந்தது.

பதினோராம் நாள் அது. கருவி கணினியில் குடியேறிவிட்டது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தச் சூட்டோடு தொட்டி விதிக்கோப்பைத் திறந்து, ஒற்றை இலக்கம் அல்லது ஒன்றும் பூஜ்யமும் சேர்ந்தது என்று ஒரே ஒரு விதியைச் சேர்த்தாள். கருவியிடம் கொடுத்தாள். நிரல் வந்தது. கூடவே கீழே ஒரு வரியும் வந்தது: ‘முரண்பாடு, ஒன்று.’

பார்த்தாள். பார்க்கவில்லை என்று பின்னால் அவள் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு விதமாகப் படிக்கக்கூடிய இடம் எங்கோ இருக்கிறது என்று அதற்குப் பொருள். எங்கே என்று விவரமாகப் பார்க்க வேண்டுமானால் இன்னொரு ஓட்டம் விட வேண்டும், இன்னொரு நாற்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். மணி இரண்டே கால். மேலாளர் வாசலில் நின்றார். ‘ஒன்றுதானே’ என்று தாண்டிவிட்டாள்.

சோதனைக்குப் பிற்பகல் வரிகளை அடித்தாள். பத்தாம் தொட்டி இரண்டரைக்குத் திறந்தது, மூன்றுக்கு மூடியது. மற்ற ஒன்பதும் சொன்னபடி கேட்டன. மேட்டில் நின்ற வால்வுக்காரர் ஃபோனில் குதூகலித்தார்.

“தங்கச்சி, சக்கரம் தானா சுத்துது! நான் கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்குறேன்!”

மறுநாள் காலை ஆறேகாலுக்கு வீட்டில் தொலைபேசி அடித்தது. அக்காதான். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

“அடியே, நீ கெட்டிக்காரிடி! ஆறு மணிக்குத்தானே வரும்னு சொன்ன? அஞ்சரைக்கே வந்துடுச்சு! குடம், வாளி எல்லாம் ரொப்பிட்டேன். துணிகூட ஊறப் போட்டுட்டேன்!”

“அஞ்சரைக்கா?”

“ஆமாடி, அஞ்சரை! ஏன், வரக்கூடாதா?”

அவள் பதில் சொல்வதற்குள் குளியலறைக் கதவு திறந்தது. முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு, கண்ணை இறுக்கிக்கொண்டு, கணவர் தடவித் தடவி வெளியே வந்தார்.

“இந்தாம்மா, குழாய்ல தண்ணி நின்னு போச்சு. கண்ணு எரியுது, ஒரு சொம்பு தண்ணி குடு!”

அவர்கள் வீடு ஒன்றாம் தொட்டியின் கீழே. ஒன்றாம் தொட்டி திறக்க வேண்டிய நேரம் ஐந்தரை.

காலைக்கு அடித்துவைத்த வரியை மனதுக்குள் படித்துப் பார்த்தாள். ‘திற 1 0530’. அந்த நிரல் இடைவெளியைச் சட்டை செய்யாது. ஒன்றுக்குப் பின்னால் நேரத்தின் பூஜ்யம் வந்தால்? ஒன்றும் பூஜ்யமும் சேர்ந்து பத்து! மீதி 530. ஐந்தரை. ஒன்றாம் தொட்டிக்குச் சொன்னதைப் பத்தாம் தொட்டிக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டது. காலை பத்து மணிக்கு முந்தைய நேரமெல்லாம் பூஜ்யத்தில்தான் தொடங்கும். அவள் சோதித்ததோ பிற்பகலில்.

சொம்புத் தண்ணீரைக் கணவர் கையில் திணித்துவிட்டு, போட்டிருந்த உடுப்போடு ஓடினாள். ஒன்றாம் தொட்டியை நம்பித்தான் பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. வழியெல்லாம் அதையே நினைத்து ஓடினாள். சிக்னலில் நிற்க முடியாமல் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்தாள். கட்டுப்பாட்டு அறையை அடைந்து, ஒன்றாம் தொட்டியை நேரடி விசையை அழுத்தித் திறந்தபோது மணி ஆறு ஐம்பது. பழைய நிரலைத் திரும்ப ஏற்றினாள். அவசரத்தில் ஒரே கட்டளையை மூன்று தரம் தப்பாக அடித்தாள்.

ஒன்பது மணிக்கு மேலாளர் வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து புகார் போயிருந்தது. ஓர் அறுவை சிகிச்சை முக்கால் மணி நேரம் தள்ளிப்போனது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நர்சுகள் பக்கத்துக் கட்டடத்திலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்திருக்கிறார்கள்.

“பழைய கம்ப்யூட்டர் கோளாறுன்னு எழுதிடறேன். யாரும் கேக்க மாட்டாங்க. புது சிஸ்டத்துக்கும் ஒரு காரணமாச்சு” என்றார் மேலாளர்.

“அப்படி எழுதாதீங்க சார். ரெண்டு விதமா படிக்க வருதுன்னு அது முன்னாடியே சொல்லிச்சு. நான் பாத்தேன். அவசரத்துல விட்டுட்டேன். என் பேர்லயே எழுதுங்க.”

“யோசிச்சுத்தான் சொல்றியா? ஃபைல்ல ஏறிடும்.”

“ஏறட்டும் சார்.”

அதோடு விடவில்லை. யாரும் சொல்லாமலே ஆஸ்பத்திரிக்கு நடந்துபோய்த் தலைமை நர்சைப் பார்த்தாள். ஒன்று, பூஜ்யம், பத்து என்று தொடங்கினாள். அந்த அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

“விளக்கமெல்லாம் எனக்கு வேணாம்மா. நாளைக்குத் தண்ணி வருமா, வராதா?”

“வரும்.”

“நேத்தும் நீங்க வரும்னுதானே இருந்திருப்பீங்க?”

திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

எச்சரிக்கைக் கடிதம் மூன்றாம் நாள் கைக்கு வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். மேலாளர் ஒரு நிபந்தனையும் போட்டார்: திரும்ப முயல்வதாக இருந்தால், இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் சரிபார்க்க வேண்டும். யார் உட்காருவார்கள்? கணக்காளர் அந்த அறைப் பக்கமே வருவதை நிறுத்தியிருந்தார். வால்வுக்காரர்தான் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனா எந்தத் தொட்டி எப்பத் திறக்கும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். நீ படி, நான் சரியான்னு சொல்றேன்.”

இந்த முறை இடைவெளி வரும் வரை எண்ணை முழுசாகப் படிக்க வேண்டும் என்று விதியை மாற்றினாள். கருவியை ஓடவிட்டு, முரண்பாடு என்ற சொல்லே வரவில்லை என்பதை இருவரும் பார்த்தார்கள். அதன் பிறகும் அவள் நம்பவில்லை. ஒரு வருடத்துப் பட்டியல்களை, ஏறத்தாழ ஒன்பதாயிரம் வரிகளை, பழைய நிரலிலும் புதிய நிரலிலும் ஓட்டி ஒப்பிட்டாள். வால்வுகளோடு இணைக்காமல், எழுத்தில் மட்டும். ஆறு நாள் ஆனது. நடந்தாள், குளத்தைச் சுற்றினாள், நகத்தைக் கடித்தாள். ஒவ்வொரு முறை எழுந்தபோதும், “வரி நானூத்தி பத்து, அஞ்சாம் தொட்டி, மூடு, ஒம்பதே கால். சரி. அடுத்தது படி தங்கச்சி” என்று வால்வுக்காரர் இழுத்து உட்கார வைத்தார். பதினேழு இடத்தில் அவளே அவசரத்தில் இடைவெளி விடாமல் அடித்திருந்தாள். அவற்றைத் தனியாக எழுதிவைத்து, இனி இப்படி அடிக்கக்கூடாது என்று அறைக் கதவில் ஒட்டினாள்.

புதிய நிரல் ஏறிய அன்று அதிகாலை ஐந்துக்கே இருவரும் வந்துவிட்டார்கள். ஐந்தரைக்கு ஒன்றாம் தொட்டி திறந்தது. பத்தாம் தொட்டி திறக்கவில்லை. இவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ஆறு மணி வரை காத்திருந்தார்கள். சரியாக ஆறு மணிக்குப் பத்தாம் தொட்டியும் திறந்தது. பம்பரம் முதலில் ஃபோன் செய்தது அக்காவுக்கு அல்ல, தலைமை நர்சுக்கு.

“வருது” என்றார் அந்த அம்மாள். “வெச்சுடுங்க, வேலை கிடக்கு.”

அடுத்த மாதம் அவள் செய்த திருத்தங்களையெல்லாம் ஒன்றாகக் கட்டி, அந்தக் கருவியைப் பராமரிப்பவருக்கு அனுப்பினாள். எந்த ஊரோ, எந்த நாடோ, முன்பின் தெரியாதவர். இரண்டு வரியில் பதில் வந்தது. திருத்தங்களைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, அந்த இயங்குதளத்தை உலகத்தில் இன்னும் யாராவது பயன்படுத்துகிறார்களா என்று உண்மையிலேயே ஆச்சரியப்பட்டுக் கேட்டிருந்தார். பன்னிரண்டாயிரம் வீடுகளும் ஓர் ஆஸ்பத்திரியும் என்று எழுதி அனுப்பினாள்.

வால்வுக்காரர் முழங்காலுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஆறு வாரம் வீட்டில் இருந்தார். பத்தாம் தொட்டி அவர் இல்லாமலே திறந்து மூடியது. எச்சரிக்கைக் கடிதம் அவளுடைய கோப்பில் இருக்கிறது. அதனால் அந்த வருடம் வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. வீட்டில் அதைச் சொன்னபோது கணவர் கண்ணாடிச் சட்டத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

“வருத்தமா?”

“கொஞ்சம் இருக்கு” என்றாள், சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தபடி. “ஆனா இப்போ வேற ஒண்ணு உறுத்துதுங்க. தொட்டி எண் சரியாச்சு. நேரத்துல மூணு இலக்கம் வந்தாலும் அது ஒத்துக்குதே, அதை யாரும் கேக்கவே இல்ல. அதை நாளைக்குப் பாக்கணும்.”